சாத்துக்குட்டியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை

மறதி என்னும் கொடிய நோயை அடியோடு ஒழித்துக்கட்டிய ஊர் இந்த உலகத்தில் ஒன்று உண்டென்றால், அது கண்ணூருக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் பாலோட்டுவயல்தான். இதை நாங்களே சொல்லிக்கொள்வதற்குக் காரணம், வேறு யாரும் இன்னும் சொல்லாததுதான்.

எங்கள் ஊரில் செத்துப்போனவர் எவரும் சும்மா கிடந்துவிட முடியாது. ஒருவர் பஸ் நிறுத்தத்து நிழற்குடையாக நிற்பார். ஒருவர் குடிதண்ணீர்க் குழாயாகச் சொட்டுவார். ஒருவர் வாலிபால் சுழற்கோப்பையாகி ஆண்டுதோறும் ஊர் ஊராகப் போய் வருவார். இரண்டாம் பரிசுக் கோப்பை அவருடைய தம்பி. உயிரோடு இருந்தபோதும் அண்ணனுக்கு அடுத்தபடியாகவே இருந்து பழகியவர், செத்தும் முறை தவறவில்லை.

இந்த நினைவுப் பணிக்கெல்லாம் தலைமைச் செயலகம், நாற்சந்தியில் இருக்கும் கே. டி. சாத்துக்குட்டி நினைவு வாசகசாலை. அதன் செயலாளர் பவித்ரன் மாஷ். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். மைக்கிலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. நினைவுக் கூட்டம் நடத்துவதை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கியவர். வரவேற்புரை, தலைமையுரை, தொடக்கவுரை, சிறப்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று துண்டறிக்கையில் எல்லாம் வரிசையாக இருக்கும். செத்தவருக்கு எதற்கய்யா வாழ்த்துரை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். துண்டறிக்கையில் பெயர் வராவிட்டால் முகத்தைத் தூக்கிக்கொள்ளும் இருபது பேரை வேறு எந்த உரையில் போடுவது?

சாத்துக்குட்டி நினைவு நாள் டிசம்பர் மாதம் இரண்டாம் சனிக்கிழமை. அவர் எந்த நாளில் இறந்தார் என்று தெரியாததால், எல்லோருக்கும் விடுமுறையாக இருக்கும் நாளில் இறக்க வைத்திருந்தோம். சுவரில் அவருடைய படம் ஒன்றும் உண்டு. முகம் எப்படி இருக்கும் என்று கேட்டு ஓவியர் வந்து நின்றபோது, அன்றைய தலைவர் கண்ணன் வைத்தியர் தன் முகத்தையே தாராளமாகக் கொடுத்துவிட்டார். இன்றைய தலைவர் பாலன் வைத்தியர் அவருடைய மகன். நினைவு நாளன்று படத்துக்கு மாலை போடும்போது பாலன் வைத்தியருக்குக் கண் கலங்கும். சாத்துக்குட்டி மேல் அவருக்கு இருக்கும் பாசத்தைப் பார்த்து ஊரே உருகும்.

மாலை போட்டதும் பவித்ரன் மாஷ் மைக்கைப் பிடித்து, ஒரு முறை தட்டி, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்து, அந்தப் புகழ்பெற்ற வாக்கியத்தைச் சொல்வார்.

"சாத்துக்குட்டியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை."

உண்மையிலேயே தேவை இருந்ததில்லை. அந்த வாக்கியத்துக்குப் பின் மாஷ் முக்கால் மணி நேரம் பேசுவார். உலக அமைதி வரும், இளைஞர்களின் சீரழிவு வரும், செல்போன் வரும். சாத்துக்குட்டி மட்டும் வரமாட்டார். அடுத்து வருகிறவர்கள் "மாஷே எல்லாத்தையும் சொல்லிட்டார்" என்று தொடங்குவார்கள். கைதட்டல். பருப்புவடை. கட்டன் சாயா.

இப்படி ஒரு குறையும் இல்லாமல் நினைவுகூர்ந்துகொண்டிருந்த வேளையில்தான் பொன்விழா வந்தது.

வாசகசாலைக்கு ஐம்பது ஆண்டு. மாடியில் புதிதாக ஓர் அரங்கம் கட்டி முடித்திருந்தோம். திறந்து வைக்க அமைச்சர் வருவதாக ஒப்புக்கொண்டார். அரங்கத்துக்கு யார் பெயர் வைப்பது என்று செயற்குழு கூடியது. அன்று மாஷ் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அந்த விறைப்பிலேயே அவர் மனம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"இதுல பேச என்ன இருக்கு? மாஷ் பேர்தான்," என்றார் பாலன் வைத்தியர்.

"அய்யோ, எதுக்கு வைத்தியரே அதெல்லாம்," என்றார் மாஷ், நாற்காலியை ஓர் அடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு.

"எல்லாருக்கும் சம்மதம்தான். ஆனா ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கு மாஷே."

"என்ன?"

"நீங்க உயிரோட இருக்கீங்க."

மாஷால் மறுக்க முடியவில்லை.

"நினைவு அரங்கம்னு எழுதினா நினைவுதான் இருக்கணும். ஆளும் இருந்தா சரிப்படாது," என்று வைத்தியர் வருத்தத்தோடு விளக்கினார். "வேணும்னா ஒண்ணு செய்யலாம். திறப்பு விழாக் கல் வெட்டுறாங்க இல்ல? அதோடயே மாஷோட கல்லையும் வெட்டி வெச்சுடுவோம். அவசரத்துல வெட்டினா எழுத்துப் பிழை வரும்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: 'பவித்ரன் மாஷின் வசதியைப் பொறுத்து அரங்கத்துக்குப் பெயர் சூட்டப்படும்.' கல்லும் வந்தது. சாக்குப் போட்டு மூடி மாடி மூலையில் சாய்த்து வைத்தோம். மாஷ் அவ்வப்போது தனியாக மாடிக்குப் போய்ச் சாக்கை விலக்கி, ஒரு துணியால் தன் பெயரைத் துடைத்துவிட்டு வருவார். உயிரோடு இருக்கும்போதே தன்னை நினைவுகூரும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அமைச்சர் அலுவலகத்திலிருந்து உதவியாளர் போன் செய்தார்.

"மாஷே, அமைச்சர் பேச்சுல சாத்துக்குட்டியைப் பத்தி ரெண்டு வரி வேணும். எப்போ பொறந்தார், என்ன செஞ்சார். அவ்வளவுதான்."

"சாத்துக்குட்டியைப் பற்றி நான் சொல்லத் தேவை..."

"தேவை இருக்கு மாஷே. அமைச்சர் வேற மாவட்டம்."

மாஷ் போனை வைத்தார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு நேரே பாலன் வைத்தியர் வீட்டுக்குப் போனார். வைத்தியர் தைலம் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"வைத்தியரே, நம்ம சாத்துக்குட்டி... யாரு?"

வைத்தியர் கரண்டியை நிறுத்தினார். "என்ன மாஷே, வருஷா வருஷம் நீங்கதானே பேசறீங்க?"

"நான் பேசறேன். அவரைப் பத்திப் பேசலையே."

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"உங்க அப்பா இல்லையே."

"அதான் படத்துல இருக்காரே," என்று சொல்லிவிட்டு வைத்தியர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆரம்பகாலத் தீர்மானப் புத்தகங்களைத் தேடினார்கள். கறையான் தின்றிருந்தது. எங்கள் வாசகசாலையில் புத்தகங்களை அட்டை முதல் அட்டை வரை முடித்தது கறையான் மட்டும்தான். ஊரில் வயதானவர்களைச் சுற்றி வளைத்துக் கேட்டார்கள். "சாத்துக்குட்டியா? பெரிய மனுஷன்," என்றார் ஒருவர். "எதுல பெரியவர்?" என்றதற்கு, "போர்டே இவ்ளோ பெரிசா இருக்கே!" என்றார். இடதுசாரிகள் அவர் தங்கள் தோழர் என்றார்கள். வலதுசாரிகள் அவர் தங்கள் தொண்டர் என்றார்கள். எந்தக் கட்சியிடம் கேட்டாலும் அவர் மறு கட்சியால் மிகவும் துன்பப்பட்டிருந்தார்.

மாஷுக்குச் சோறு இறங்கவில்லை. கவலை சாத்துக்குட்டியைப் பற்றியல்ல. சாத்துக்குட்டி யாரென்றே தெரியாத செயலாளர் என்ற பேச்சு கிளம்பினால், மாடியில் சாக்குக்குள் இருக்கும் கல்லின் கதி என்ன? அம்மி இல்லாத வீட்டுக்குத்தான் அது போகும்.

அடுத்த நாள் காலையில் பெயிண்டர் சுதி போன் செய்தான். விழாவுக்காக வாசகசாலைத் தகரப் பலகைக்குப் புது வண்ணம் அடிக்க இறக்கி, பழைய பூச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"மாஷே, கொஞ்சம் வாங்க. கீழே வேற ஊர் இருக்கு."

"எதுக்குக் கீழே?"

"நம்ம ஊருக்குக் கீழே."

மாஷும் வைத்தியரும் ஓடினார்கள். 'கே. டி. சாத்துக்குட்டி நினைவு வாசகசாலை' என்ற எழுத்துகள் ஒரே பூச்சாக உறுதியாக இருந்தன. அடியில் 'பாலோட்டுவயல்' என்றிருந்த இடத்தில் மட்டும் பூச்சு இரண்டு அடுக்கு. மேல் அடுக்கு உரிந்த இடத்தில் அழகான பழைய எழுத்தில் 'மேலேக்குன்னு' என்று தெரிந்தது. அது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர்.

வைத்தியர் மெதுவாகத் திண்டில் உட்கார்ந்தார்.

"மாஷே, இப்போ ஞாபகம் வருது. அப்பா சொல்லியிருக்கார். டவுன்ல ஒரு போர்டு எழுதறவன்கிட்ட, ஆர்டர் குடுத்தவங்க எடுக்க வராத போர்டு ஒண்ணு சல்லிசா கிடைச்சுதுன்னு. வைத்தியசாலை போர்டைச் சொல்றார்னு நெனச்சேன்."

"அப்போ நம்ம வாசகசாலைக்குச் சாத்துக்குட்டின்னு பேர் வெச்சது யாரு?"

"போர்டுதான்."

சுதி தலையைச் சொறிந்தான். "இப்போ நான் என்ன எழுதட்டும்?"

"பாலோட்டுவயல்னே எழுது. ரெண்டு கோட்டிங் அடி," என்றார் மாஷ். "முடிஞ்சா மூணு."

அரை நூற்றாண்டாகப் பக்கத்து ஊர்க்காரரை நாங்கள் தவறாமல் நினைவுகூர்ந்து வந்திருக்கிறோம். அவரவர் சொந்த ஊர்க்காரரை நினைக்க யாருக்கும் முடியும். யாரென்றே தெரியாத வெளியூர்க்காரருக்காகக் கண்ணீர் விட ஒரு பரந்த மனம் வேண்டும். அது எங்களுக்கு இருந்திருக்கிறது; எங்களுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

ஆனால் மாஷுக்கு இதில் ஒரு வெளிச்சமும் தெரிந்தது. சாத்துக்குட்டி மேலேக்குன்னுக்காரர் என்றால், மேலேக்குன்னில் தெரிந்திருக்கும். குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

மேலேக்குன்னிலும் ஒரு வாசகசாலை இருந்தது. பெயர், கே. டி. சாத்துக்குட்டி நினைவு வாசகசாலை. ஆர்டர் கொடுத்த பலகை கைக்கு வராமல் போன பிறகு, சுவரிலேயே சிமெண்டில் எழுத்துகளை எழுப்பிவிட்டிருந்தார்கள்; இனி யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. உள்ளே சாத்துக்குட்டியின் படம். இவருக்கு வேறு முகம், வழுக்கை. செயலாளர் கருணன் கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். மாஷைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க மாஷே, வாங்க! உங்க பேச்சைக் கேட்டிருக்கேன். சாத்துக்குட்டி நினைவு நாள்ல. காத்து இந்தப் பக்கம் அடிச்சா உங்க மைக் இங்கே வரைக்கும் கேக்கும்."

"நம்ம ரெண்டு ஊருக்கும் பொதுவானவர் இல்லையா அவர்," என்று மாஷ் எச்சரிக்கையாகத் தொடங்கினார். "உங்க ஊர்க்காரர். நீங்க சொல்லிக் கேக்கலாம்னு வந்தேன்."

"நாங்க சொன்னா தற்பெருமை ஆயிடும் மாஷே. வெளியூர்க்காரங்க நீங்க சொன்னாத்தான் அதுக்கு மதிப்பு."

"அவரோட தியாகம் இருக்கே..." மாஷ் தூண்டிலைப் போட்டார்.

"ஆமா ஆமா. தியாகம்னா அது தியாகம்."

"அதுல எதை நீங்க முக்கியமா சொல்லுவீங்க?"

"தியாகத்துல முக்கியமானது, முக்கியமில்லாததுன்னு பிரிக்க முடியுமா?" கருணன் தூண்டிலைத் திருப்பிப் போட்டார். "உங்க பார்வையில எப்படி?"

"என் பார்வையிலயும் பிரிக்க முடியாதுதான்."

சாயா வந்தது. இருவரும் குடித்தார்கள். இரண்டு பெரிய அறிஞர்கள் ஒருவர் ஆழத்தை ஒருவர் அளந்ததில், இரண்டு பேருக்குமே கால் தரையில் தட்டியது. கருணன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மாஷே, கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

"தெரியாது. உங்களுக்கு?"

"தெரியாது."

இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்ளாததுதான் குறை. இத்தனை ஆண்டு தனியாகச் சுமந்த பாரத்தை இறக்கி வைக்கத் தோள் கிடைத்துவிட்டது.

"நான் செயலாளரா வந்தப்போ யாரையாவது கேட்டிருக்கலாம்," என்றார் கருணன். "முதல் வருஷம் வெக்கமா இருந்துச்சு. ரெண்டாவது வருஷம், போன வருஷமே பேசினவன் இப்போ எப்படிக் கேக்கறதுன்னு இருந்துச்சு. அப்புறம் நானே மத்தவங்களுக்குச் சொல்ற இடத்துக்கு வந்துட்டேன்."

"எனக்கும் அதேதான் ஆச்சு கருணேட்டா! அப்போ தெரிஞ்சவங்க யாருமே இல்லையா?"

"ஏன் இல்ல? சாத்துக்குட்டியோட மருமகன் இருக்காரே. பெங்ஙளோட, அதான் கூடப்பொறந்தவளோட மகன். பொக்கேட்டன். ஆத்தங்கரையில, பஸ் ஸ்டாப்புக்கு எதிர்த்த வீடு. மாமன் வீட்லயே வளர்ந்தவர், எல்லாம் தெரியும்."

மாஷ் துள்ளி எழுந்தார். "அட, அப்போ போய்க் கேட்டுடலாமே!"

கருணன் அவரை, ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கப் பார்க்கிறவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எப்படிக் கேப்பீங்க? கேட்டா, நமக்குத் தெரியாதுன்னு அவருக்குத் தெரிஞ்சுடுமே."

மாஷ் மறுபடியும் உட்கார்ந்தார். அந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டும் உடைக்க முடியாது.

அங்கேயே உட்கார்ந்து இருவரும் சேர்ந்து சாத்துக்குட்டியைச் செய்தார்கள். "பொறந்தது இருபதாம் நூற்றாண்டோட தொடக்கம்னு போடுங்க," என்றார் கருணன். "தொடக்கம்னா தாராளமா இடம் இருக்கும்." 'விடுதலைப் போராளி' என்று மாஷ் போட்டார். 'கல்விக்கண் திறந்தவர்' என்று கருணன் சேர்த்தார். சிறை வேண்டுமா வேண்டாமா என்று கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. சிறை இல்லாமல் ஒரு பொன்விழா எடுபடாது என்று முடிவாயிற்று. 'ஏழைகளின் தோழர்' என்பதை இரண்டு கட்சிக்கும் பொதுவாக, எந்தத் தோழர் என்று தெரியாதபடி எழுதினார்கள். விழாவை இரண்டு ஊரும் சேர்ந்து நடத்துவது, மாஷுக்குப் பொன்னாடை மேலேக்குன்னு சார்பில் போர்த்துவது என்றும் பேசி முடித்தார்கள்.

வீட்டுக்கு வந்த மாஷ் பசியோடு சாப்பிட்டார். மனைவி வத்சலா மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அந்தப் பொக்கேட்டன் வீடு பஸ் ஸ்டாப்புக்கு எதிர்லதானே?"

"ம்."

"உங்க பஸ் அங்க நின்னுதானே வந்துச்சு?"

"நின்னுது."

"எறங்கி ஒரு வார்த்தை கேக்கறதுக்கென்ன?"

"உனக்குப் பொதுவாழ்க்கை புரியாது வத்சலா."

"அதுவும் சரிதான்," என்றாள் அவள். "எனக்குத் தெரியாததை நான் தெரியாதுன்னு சொல்லிப் பழகிட்டேன்."

பொன்விழா வந்தது. நாற்சந்தியின் நான்கு பக்கமும் ஃப்ளெக்ஸ் தட்டிகள். ஒவ்வொன்றிலும் அமைச்சர் பெரிதாக, வைத்தியரும் மாஷும் கருணனும் நடுத்தரமாக, சாத்துக்குட்டி மூலையில் தபால்தலை அளவில். எந்த முகத்தைப் போடுவது என்று இரண்டு ஊருக்கும் தகராறு வரக் கூடாதென்று அச்சகக்காரர் நிழலுருவமாகப் போட்டுவிட்டார். மொத்தத் தட்டியிலும் உண்மைக்கு அருகில் இருந்தது அதுதான்.

அமைச்சர் பேசினார். இரண்டு வரியைப் படித்தவர், கூட்டத்தைப் பார்த்ததும் தாள் போதாமல் மேலே போனார். மாஷும் கருணனும் சிறைக்குத்தான் அனுப்பியிருந்தார்கள். அமைச்சர் தன் பங்குக்கு அதை வேலூர்ச் சிறையாக்கி, தனிமைச் சிறையாக்கி, உண்ணாவிரதமும் இருக்க வைத்தார். பெண்கள் பக்கத்திலிருந்து விசும்பல் கேட்டது. தானே பெற்ற பிள்ளை மேடையேறிப் பாடுவதைக் கேட்பவர்போல மாஷ் கண்ணை மூடி ரசித்தார். ஒரு கட்டத்தில் அவருக்கே அழுகை வந்தது.

'குடும்பத்தின் சார்பில்' மருமகன் பொக்கனை அழைத்து வந்து இரண்டாம் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். பொக்கனுக்கு ஒரு பொக்கே கொடுத்தார்கள். பேச அழைக்கவில்லை. எந்த உரையில் போடுவது என்று தெரியவில்லை. 'தெரிந்தவர் உரை' என்று எங்கள் துண்டறிக்கையில் ஒரு தலைப்பு கிடையாது.

அமைச்சர் காரேறியதும் வாழ்த்துரைகள் தொடங்கின. மாஷ் ஒரு சாயா குடிக்கலாமென்று பந்தலுக்குப் பின்னால் போனார். சாயாப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், மடியில் பொக்கேயுடன் பொக்கன் உட்கார்ந்திருந்தார். மெலிந்த, நெடிய மனிதர். வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"மாஷே, என் மாமன் வேலூர் போனாரா?"

மாஷ் சுற்றும் முற்றும் பார்த்தார். "அமைச்சர் கொஞ்சம்... உணர்ச்சிவசப்பட்டுட்டார் பொக்கேட்டா."

"ஆத்தைத் தாண்டினதில்ல அவர். தண்ணின்னா பயம். வேலூருக்கு எப்படிப் போனார்னு யோசிச்சுட்டே இருந்தேன்."

"அப்போ..."

"விடுதலைப் போராட்டமும் தெரியாது. விடுதலை வந்தப்புறம் யாரோ சொல்லித்தான் தெரியும். எழுத்துக்கூட்டக் கூடத் தெரியாது அவருக்கு. கை நாட்டு. அதனாலதான் அந்தக் காரியத்தைப் பண்ணினார்."

மாஷின் கையில் சாயா நின்றது.

"எந்தக் காரியம்?"

பொக்கன் அவரை நிமிர்ந்து பார்த்தார். சிரித்தார். அதில் கேலி இருந்தது. அதைவிடப் பெரிதாக ஏதோ ஒரு நிம்மதியும் இருந்தது.

"இப்பத்தான் ஒருத்தர் கேக்கறீங்க. உட்காருங்க மாஷே. சொல்றேன். கொஞ்சம் நீளமான கதை."

மாஷ் ஒரு நாற்காலியை இழுத்தார். பாதி உட்கார்ந்தும்விட்டார். அப்போது ஒலிபெருக்கி முழங்கியது: "அடுத்ததாக, நமது அன்புக்குரிய பவித்ரன் மாஷுக்குப் பொன்னாடை அணிவிக்க... மாஷ் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்!"

மாஷ் பொக்கனைப் பார்த்தார். பந்தலைப் பார்த்தார். பொன்னாடை நாளைக்கு இருக்காது. பொக்கேட்டன் இருப்பார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"ரெண்டே நிமிஷம் பொக்கேட்டா. போர்த்தினதும் ஓடி வந்துடறேன்."

"போயிட்டு வாங்க. இத்தனை வருஷம் இருந்தவன், ரெண்டு நிமிஷம் இருக்க மாட்டேனா?"

மேடையில் கருணன் மைக்கைத் தட்டினார். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பவித்ரன் மாஷைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை."

வாழ்க்கையில் முதல் முறையாக மாஷ் அந்த வாக்கியத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்டார். மைக்குக்குப் பின்னால் நிற்கும்போது அது கனமாக இருக்கும். முன்னால் இருந்து கேட்டபோது, காலிப் பாத்திரத்தைத் தட்டியதுபோல இருந்தது. கருணன் பத்து நிமிடம் பேசினார். உலக அமைதி வந்தது. இளைஞர்கள் வந்தார்கள். செல்போன் வந்தது. தான் வருவோமா என்று மாஷ் கடைசிவரை காத்திருந்தார். முடிவில் பொன்னாடை வந்தது. போர்த்தும்போது கருணன் காதோரம் குனிந்து, "மாஷ் எந்தப் பாடம் எடுத்தீங்க? கணக்கா, மலையாளமா? சொல்லலாம்னு நெனச்சேன், தெரியல," என்றார்.

பொன்னாடைக்குப் பின் ஏற்புரை. ஏற்புரைக்குப் பின் விட்டுப்போன வாழ்த்துரைகள். மாஷ் பந்தலுக்குப் பின்னால் வந்தபோது சாயாப் பாத்திரம் கவிழ்ந்திருந்தது. கடைசி பஸ் போயிருந்தது. நாற்காலி மேல் பொக்கே மட்டும் இருந்தது.

நாளைக்குப் போகலாம் என்று மாஷ் நினைத்தார். மறுநாள் செய்தித்தாளில் விழாப் படம் வந்தது. அதை வெட்டி ஒட்டுவதில் போய்விட்டது. அடுத்த வாரம் என்றிருந்தார். பஸ்ஸில் அந்த வழியாகப் பலமுறை போனார். எதிர்த்த வீட்டு வாசலில் பொக்கன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கையாட்டவும் செய்தார். பொக்கனும் கையாட்டினார். அமைச்சரே பேசிவிட்ட பிறகு இனிப் போய்க் கேட்டு, அது வேறு மாதிரி இருந்து தொலைத்தால் என்ன செய்வது?

மழைக்காலம் தொடங்கியபோது பொக்கன் இறந்துபோனார்.

எங்கள் இரண்டு ஊரும் வழக்கம்போலக் கடமை தவறவில்லை. புது அரங்கத்தில் மிகப் பெரிய நினைவுக் கூட்டம். பாலன் வைத்தியர் தலைமை. கருணன் வரவேற்பு. வாழ்த்துரைக்கு மட்டும் இரண்டு ஊரிலிருந்தும் நாற்பது பேர். சிறப்புரை பவித்ரன் மாஷ். எழுந்து போய் மைக்கைத் தட்டினார். கூட்டத்தைப் பார்த்தார். வாய் திறந்தது. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமென்று அவர் முயன்றதை முன்வரிசையில் இருந்த நாங்கள் பார்த்தோம். ஆனால் நாக்குக்கு அந்த ஒரு வழிதான் தெரியும்.

"பொக்கேட்டனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை," என்றார்.

கைதட்டினோம்.

கூட்டம் கலைந்ததும் மாஷ் மாடி மூலைக்குப் போய் வழக்கம்போலச் சாக்கை விலக்கினார். துடைக்கவில்லை. மறுபடி மூடிவிட்டு வீட்டுக்கு வந்தார். வத்சலா வாசற்படியில் குடைகளைக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"வத்சலா, நான் போனப்புறம், நான் என்ன மாதிரி ஆளுன்னு யாராவது வந்து கேட்டா, நீ சொல்லுவியா?"

"ஏன் சொல்ல மாட்டேன்? எல்லாத்தையும் சொல்லுவேனே," என்றாள் அவள், குடையை உதறியபடி. "ஆனா உங்க ஊர்ல யாரு கேக்கப் போறா?"